சிங்க மாத்திரையும் ஒரு வேண்டுதலும்

தலை போனாலும் பரவாயில்லை, முடி போகக்கூடாது. தீபாவளி முடிந்த மறுவாரம் யுகேந்திரன் எடுத்த வீர சபதம் இது. குளியலறைக் கண்ணாடி முன்னால், வாயில் பற்பசை நுரையோடு எடுத்ததால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

அவருடைய முடி லேசுப்பட்ட முடி இல்லை. வார நாள்களில் யுகேந்திரன் ஷா ஆலத்தில் தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே அவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சனிக்கிழமை வந்துவிட்டால், கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் நடக்கும் கல்யாண விருந்துகளுக்கு அவர்தான் எம்சி. மேடை ஏறியதும் மைக்கைத் தொடுவதற்கு முன்னால், நெற்றிக்கு மேல் நிற்கும் அலையை இடது கையால் ஒருமுறை தடவிக்கொள்வார். அப்புறம்தான் "அன்பார்ந்த விருந்தினர்களே". கோழி வறுவலைக் கடித்துக்கொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து பார்ப்பார்.

அந்த அலை ஓய ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மனைவி குமுதா அப்போதே சொன்னார், உச்சியில் கொஞ்சம் வெளிச்சம் விழுகிறது என்று. லைட் சரியில்லை என்று யுகேந்திரன் பல்பை மாற்றினார். கடைசியில் காட்டிக் கொடுத்தது ஒரு கல்யாண வீடியோ. புதுமை விரும்பியான கேமராக்காரன் மண்டபத்துக் கூரையிலிருந்து கீழே பார்த்து எடுத்திருந்தான். மாப்பிள்ளை, பெண், ஐந்தடுக்கு கேக், எல்லாம் அழகாகத் தெரிந்தன. நடுவில் ஒரு பளபளப்பும் தெரிந்தது. கேக் வெட்டும் கத்தியாக்கும் என்று யுகேந்திரன் நினைத்தார். பிறகு அந்தப் பளபளப்பு மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசியது.

சோதனை தனியாக வருவதில்லையே. அந்தச் சமயம் பார்த்துத்தான் லோரி கம்பெனி முதலாளி தம்புசாமி தன் மகள் கல்யாண விருந்துக்கு அவரைப் பேசியிருந்தார். தைப்பூசம் முடிந்து வரும் சனிக்கிழமை. கிள்ளானிலேயே பெரிய மண்டபம். ஊரே வரும். அங்கே பேர் வாங்கிவிட்டால் அதன்பிறகு யுகேந்திரன் காட்டில் மழைதான்.

"நீ நல்லா பேசுவ, அதுல சந்தேகமில்ல," என்று சொல்லியிருந்தார் தம்புசாமி. "ஆனா மேடையில பார்க்க பளிச்சுன்னு இருக்கணும் லா."

வீடியோவைப் பார்த்த பிறகு அந்தப் 'பளிச்' யுகேந்திரனுக்கு வேறு அர்த்தத்தில் கேட்டது. ஜீவன் என்று ஒரு பொடியன் வேறு புதிதாக எம்சி வேலைக்குக் கிளம்பியிருந்தான். பேச்சு சுமார்தான். ஆனால் தலையில் மூன்று பேருக்குப் பங்கு போடும் அளவுக்கு முடி வைத்திருந்தான்.

கைகொடுக்க வந்தவர் பழனியப்பன். அதே தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை. வேலை முடிந்தால் சத்து மாத்திரை விற்பார். அவர் நீட்டிய ஜாடியின்மேல் பிடரி சிலிர்த்த ஒரு சிங்கம் இருந்தது. உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் குண்டு மாத்திரைகள். பயோட்டின், பி வகை விட்டமின் அத்தனையும், மீன் எண்ணெய், இன்னும் என்னவெல்லாமோ கலந்ததாம். பழனியப்பன் தலையில் முடி தேங்காய் நார் மாதிரி அடர்ந்து நின்றது. இதைச் சாப்பிட்டுத்தான் இப்படியா என்று யுகேந்திரன் ஆசையோடு கேட்டார்.

"நான் எதுக்கு பாஸ் சாப்பிடணும்? எனக்குத்தான் முடி இருக்கே."

இந்த நேர்மை யுகேந்திரனுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. உடனே ஒரு ஜாடி வாங்கினார்.

ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்று ஜாடியில் போட்டிருந்தது. அது சாதாரண ஆள்களுக்கு, எம்சிகளுக்கு இல்லை என்று தீர்மானித்து யுகேந்திரன் அதை மூன்றாக்கிக்கொண்டார். பக்க விளைவுகளைப் பற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் எறும்பு எழுத்தில் அச்சடித்த ஒரு தாளும் கூடவே வந்தது. அதை மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே வைத்துவிட்டார். அவருக்கு வேண்டியது உச்சி விளைவு. பக்கத்தைப் பற்றி என்ன கவலை?

கவலையெல்லாம் குமுதாவைப் பற்றித்தான். முடி கொட்டவே இல்லை என்று வருடம் முழுக்கச் சாதித்தவர் இப்போது மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் மானம் போய்விடும். தெரியாமல் வைத்திருப்பதும் சுலபமில்லை. குமுதா கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியை. அவர் கையில் பிரம்பை யாரும் பார்த்ததில்லை. தப்பு செய்த பிள்ளையை எதிரில் உட்காரவைத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை தான் செய்ததையும் சொல்லி, பக்கத்து வகுப்பில் நடந்ததையும் சொல்லி, அடுத்த வாரம் செய்வதாக இருந்ததையும் சொல்லிவிட்டு அழும்.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டில் யுகேந்திரன் ஜாடியை ஒளித்த இடம் மேடைக் கோட்டு தொங்கும் துணி உறை. உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து, அலமாரியின் கோடிக்குத் தள்ளிவிட்டார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. தலையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் செய்தது. முதல் நாளே சிறுநீர் கேசரிக்குப் போடும் கலரில் போய் அவரைப் பதறவைத்தது. சத்து நிறைந்து வழிகிறது, நல்ல சகுனம் என்றார் பழனியப்பன். அடுத்து பரு. பதினாறு வயதில் முகத்தில் குடியிருந்து காலி செய்துவிட்டுப் போனவையெல்லாம் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தன. அதற்கடுத்து சிவப்பு. காலைக் கூட்டத்தில் மேனேஜர் முன்னால் நின்று உடைந்த ஓடுகளின் கணக்கைச் சொல்லும்போது, காது மடலிலிருந்து கழுத்துவரை குப்பென்று சிவந்து அரிக்கும். ஆள் இப்படிச் சிவக்கிறானே, கணக்கில் ஏதோ கோளாறு என்று மேனேஜர் எல்லாவற்றையும் மறுபடி எண்ணச் சொன்னார். முடியும் வளரத்தான் செய்தது, காதுக்குள்.

வெள்ளிக்கிழமைதான் அவரை வகையாக மாட்டிவிட்டது. வெள்ளி என்றால் அந்த வீட்டில் சுத்த சைவம். சாம்பாரும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டிருந்த குமுதா சட்டென்று நிமிர்ந்தார்.

"என்னங்க, மீன் வாசம் வருது?"

"எங்கேர்ந்து?"

"உங்க கிட்டேர்ந்து."

"பக்கத்து வீட்ல பொரிக்கறாங்க போல."

"பக்கத்து வீட்ல எல்லாரும் ஈப்போ போயிட்டாங்க."

"அப்படின்னா அதுக்கும் பக்கத்து வீடு," என்று சொல்ல வாயைத் திறந்த யுகேந்திரனுக்கு, பேச்சுக்கு முன்னால் ஏப்பம் வந்துவிட்டது. மீன் எண்ணெய் தன் வருகையைத் தானே அறிவித்தது. குமுதா ரசத்தை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து, கணவரின் பருவையும் சிவந்த காதையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு, உடம்பில் ஏதோ சரியில்லை, நாளைக்கு டாக்டரிடம் போய் ரத்தம் சோதித்துவிட்டு வரலாம் என்றார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் கோட்டு உறைக்குள் இருந்தது. எனவே யுகேந்திரன் தலையை ஆட்டினார்.

டாக்டர் விஷ்ணுப்ரியா சின்ன வயதில் குமுதாவிடம் படித்த பெண். இன்றைக்கும் டீச்சரைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடும். ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தது. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதாகக் காட்டுகிறது, ஆனால் அங்கிளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, நாடித்துடிப்பு சரியாக இருக்கிறது, எடைகூட ஏறித்தான் இருக்கிறது என்று யோசித்தது.

"அங்கிள், விட்டமின், சப்ளிமெண்ட் அந்த மாதிரி ஏதாவது எடுக்கறீங்களா?"

பக்கத்து நாற்காலியில் குமுதா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"ஒண்ணும் இல்ல," என்றார் யுகேந்திரன்.

"ஸ்கின்னுக்கு, முடிக்கு?"

"முடிக்கா? எனக்கு எதுக்குமா?" என்று சிரித்தபடி இடது கையால் அலையைத் தடவிக் காட்டினார்.

குமுதா கைப்பையை மூடினார். சில வாரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டாக்டர் அனுப்பிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் குமுதா முருகன் கோயிலில் காரை நிறுத்தினார். சந்நிதி முன்னால் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். யுகேந்திரனுக்கு நெஞ்சம் உருகிப்போய்விட்டது. தன்மேல் இவ்வளவு பாசமா என்று குற்ற உணர்வுகூட எட்டிப் பார்த்தது. குமுதா வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசி, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதியும் விட்டார்.

"மனசார வேண்டிக்கிட்டேங்க. நடந்துட்டா, வர்ற தைப்பூசத்துக்கு பத்துமலையில மொட்டை போடறதா சொல்லியிருக்கேன்."

"நீயா?"

"நீங்க."

நம் குடும்பங்களில் இது ஒரு வசதி. வேண்டிக்கொள்வது ஒருவர் வாய், கொடுப்பது இன்னொருவர் தலை. தலைக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் கிடையாது. கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவும் முடியாது. மேடையில் மாமனார் மாமியார் யாரையும் விடாமல் கிண்டல் செய்யும் யுகேந்திரன், முருகனிடம் மட்டும் விளையாட மாட்டார். தைப்பூசத்துக்கு மொட்டை, அந்தச் சனிக்கிழமை தம்புசாமி வீட்டுக் கல்யாணம். கூரையிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அவர் எப்படித் தெரிவார் என்று நினைத்ததும் அவருக்குக் கோயில் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து குமுதா டீச்சரின் ஆட்சி தொடங்கியது. நோயாளிக்கு நுரை தள்ளும் தே தாரேக் டீ கூடாது. ரொட்டி சானாய் கூடாது. தேங்காய்ப்பால் சோறு மணக்கும் நாசி லெமாக் கடைத் தெருப்பக்கமே காரைத் திருப்பக் கூடாது. காலையில் ஓட்ஸ், உப்பில்லாமல், பேச்சுமில்லாமல். விடிவதற்கு முன்னால் பூங்காவில் நடை, அதுவும் குமுதாவின் பள்ளி ஆசிரியைகளோடு. அவர்கள் இவரை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் நடந்து, தத்தம் சொந்தக்காரர்களில் தைராய்டு வந்தவர்களின் கதைகளைச் சொன்னார்கள். அந்தக் கதைகளில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

விஷயம் கிள்ளான் முழுக்கப் பரவித் தம்புசாமி காதுக்கும் போனது. அவர் போன் போட்டு, உடம்புதான் முக்கியம், முடியாவிட்டால் தயங்காமல் சொல், ஜீவனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். மனிதர் அன்பாகத்தான் சொன்னார். யுகேந்திரனுக்கு அன்றைக்கு ஓட்ஸ்கூட இறங்கவில்லை.

அந்த வேதனையில்தான் அவர் முதல் முறையாக எறும்பு எழுத்துத் தாளை விரித்தார். தொழிற்சாலைக் கழிப்பறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தார். சிறுநீர் மஞ்சளாகும். பரு வரும். முகம் சிவக்கும். அரிக்கும். மீன் ஏப்பம் வரும். ஒன்று விடாமல் தனக்காகவே எழுதியது போல இருந்தது. கடைசி வரியில் கண் நின்றது. பயோட்டின் அதிகமானால் தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகள் தவறான முடிவைக் காட்டலாமாம்.

நோயே இல்லை. யுகேந்திரனுக்கு அந்த இடத்திலேயே கும்மி அடிக்கத் தோன்றியது. மாத்திரையை நிறுத்தினால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகிவிடும். ஓட்ஸ் ஒழிந்தது, பூங்கா ஒழிந்தது. ஒரு ரொட்டி சானாயை மனத்தில் பிய்த்துப் பருப்புக் கறியில் தோய்க்கும்போதுதான் உறைத்தது. சரியானால் மொட்டை.

உட்கார்ந்த இடத்திலேயே நீண்ட நேரம் யோசித்தார். வெளியே யாரோ கதவைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. தம்புசாமி வீட்டுக் கல்யாணம் முடியும்வரை நோயாளியாகவே இருந்து தொலைப்பது. நோய் இருக்கிறவரை வேண்டுதல் நிறைவேறாது, வேண்டுதல் நிறைவேறாதவரை தலைக்கு ஆபத்தில்லை. உலகத்தில் எல்லாரும் நோய் தீர மாத்திரை சாப்பிட, யுகேந்திரன் நோய் தீராமல் இருக்க மூன்றை நான்காக்கினார்.

இதற்கு நடுவில் ஒரு கொடுமையும் நடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வழக்கமாக முடி வெட்டும் கடைக்காரர் உச்சியில் விரலை வைத்துப் பார்த்து, "அண்ணே, இங்க புதுசா முளைக்குது," என்றார். கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பின்னால் இன்னொன்றைப் பிடித்தும் காட்டினார். பூனைக்குட்டியின் முதுகு மாதிரி மெல்லிசாக, உண்மையாகவே முளைத்திருந்தது. யுகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளையை முதல் தடவை பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு கலங்கியதில்லை. இந்தப் பச்சை முடியையா மலை அடிவாரத்தில் கொண்டுபோய்ச் சிரைப்பது?

இரண்டாவது ரத்தப் பரிசோதனை அவர் ஆசைப்பட்டபடியே மோசமாக வந்தது. ஆசைப்பட்டதைவிடக் கொஞ்சம் கூடவே மோசமாக வந்தது. டாக்டர் விஷ்ணுப்ரியாவின் முகம் மாறியது. பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருகிறேன், அதுவரை காத்திருக்க வேண்டாம், மருந்தை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றது.

வாழ்க்கையில் முதல் தடவையாக யுகேந்திரன் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இந்த மருந்துல பக்க விளைவு ஏதாவது இருக்காமா?"

"பெரிசா இல்ல அங்கிள். சிலருக்கு லேசா அரிக்கும். சிலருக்கு முடி கொட்டும்."

யுகேந்திரனின் இடது கை தானாகப் போய் உச்சியை மூடிக்கொண்டது. டாக்டர் சந்தேகம் தீராமல், நிச்சயமாக வேறு எந்த மாத்திரையும் எடுக்கவில்லையே என்று இன்னொரு தடவை கேட்டது. குமுதா மறுபடி கைப்பையைத் திறந்தார். "இல்ல," என்று யுகேந்திரன் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த மருந்து கிளினிக்கில் கைவசம் இல்லை, வெளியே ஃபார்மசியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

காரை குமுதா ஓட்டினார். ரேடியோ போடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. கிள்ளான் பாலத்தில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. மடியில் மருந்துச் சீட்டு கிடந்தது. சாப்பிட்டால் முடி கொட்டும். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். யுகேந்திரன் உச்சியைத் தொட்டுப் பார்த்தார். பூனைக்குட்டி பத்திரமாக இருந்தது. பாலம் முடிவதற்குள் அவர் மனத்தில் ஒரு புது வெளிச்சம் அடித்தது. நோய் இருந்தால்தானே தீர வேண்டும்? நோயே இல்லை என்றால் வேண்டுதல் எப்படிச் செல்லும்? மானம் போகும், அவ்வளவுதான். முடி மிஞ்சும்.

"குமுதா, எனக்கு தைராய்டு இல்ல."

குமுதா சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சிங்க ஜாடி, பழனியப்பன், மூன்றை நான்காக்கியது, கழிப்பறையில் தாளைப் படித்தது, மீன் ஏப்பம், எல்லாவற்றையும் சொன்னார். உச்சி வழுக்கையை ஒரு வருடம் முன்னால் குமுதா சொன்னபோது பல்பை மாற்றியது அபத்தம் என்று ஒப்புக்கொண்டார். யாரும் கேட்காமலே, தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் இரண்டு நாள் திருட்டுத்தனமாக ரொட்டி சானாய் தின்றதையும் சேர்த்துச் சொன்னார். சொல்லி முடித்து மூச்சு வாங்கியபோது அவருக்கு உண்மையாகவே மனசு லேசாகியிருந்தது. அந்தத் தெம்பில் வக்கீலாக மாறினார்.

"ஆக, நோயே இல்ல. இல்லாத நோய்க்கு வேண்டிக்கிட்டது செல்லாது லா. முருகனுக்குத் தெரியாதா? ஒரு அர்ச்சனை பண்ணிடலாம்."

"கோட்ட டோபிக்குப் போட எடுத்தப்பவே ஜாடியப் பார்த்துட்டேன், கூட இருந்த தாளையும் படிச்சிட்டேன்," என்றார் குமுதா. "நீங்க வாங்கின அதே வாரம்."

யுகேந்திரன் வாயைத் திறந்தார். அலையைத் தடவும் கை பாதியில் நின்றது. "தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நான் சொன்னா அது நான் கண்டுபிடிச்சது. நீங்க சொன்னாத்தான் அது உண்மை."

"சரி, தெரிஞ்சிருக்குல்ல. நோய் இல்லன்னு தெரிஞ்சே எதுக்கு தைராய்டுக்கு வேண்டிக்கிட்ட?"

"நான் எங்க தைராய்டுக்கு வேண்டிக்கிட்டேன்?" குமுதா பக்கத்து வண்டிக்கு வழி விட்டுவிட்டு, அமைதியாகச் சொன்னார். "அன்னைக்கு டாக்டர் முன்னாடி, என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, முடியத் தடவிக்கிட்டே பொய் சொன்னீங்க பாருங்க. மனசு விட்டுப்போச்சு எனக்கு. நேரா முருகன்கிட்ட போய், 'இவர் ஒரே ஒரு தடவையாவது, நான் கேட்காம, தன் வாயால என்கிட்ட உண்மையச் சொல்லணும், சொல்லிட்டா அவருக்கு மொட்டை போடறேன்'னு வேண்டிக்கிட்டேன். இவ்வளவு சீக்கிரம் நடக்கும்னு நானே நினைக்கலங்க." குமுதாவின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

யுகேந்திரனுக்குக் காதிலிருந்து கழுத்துவரை சிவந்தது. இந்தத் தடவை மாத்திரையால் இல்லை. தம்புசாமி வீட்டு மேடை, கூரைக் கேமரா, மூன்று பேர் முடியோடு சிரிக்கும் ஜீவன், எல்லாம் கண்முன் வந்து போயின. ஃபார்மசியின் பச்சைப் பலகை தூரத்தில் தெரிந்தபோது அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"குமுதா, நான் இப்ப சொன்னதெல்லாம் சும்மா. விளையாட்டுக்கு. அப்படி எந்த மாத்திரையும் நான் சாப்பிடல."

"அப்படிங்களா," என்றார் குமுதா. சிக்னலைப் போட்டு, காரை ஒதுக்கி, ஃபார்மசி வாசலில் அழகாக நிறுத்தினார். "அப்ப அந்தச் சீட்டக் குடுங்க. டாக்டர் எழுதினத இன்னைக்கே ஆரம்பிச்சிடுவோம்."

யுகேந்திரன் சீட்டைக் கொடுக்கவில்லை. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேடையில் பேசும் அதே தெளிவான குரலில் கேட்டார்.

"பத்துமலையில காலையில எத்தனை மணிக்கு மொட்டை அடிக்க ஆரம்பிப்பாங்க?"